தளபதி போன பிறகு வரும் தீர்ப்பு: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த சந்தேகங்களில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாகிஸ்தானில் நீதிமன்றம் நினைத்தால் பிரதமரையே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் ராணுவத் தளபதி அரசியல் சட்டத்தைத் தூக்கி மூலையில் போட்டால் அதே நீதிமன்றம் வாயைத் திறப்பதில்லை. அங்கே சட்டத்துக்கு மரியாதை உண்டா, இல்லையா?"

சட்டமாவது ஒன்றாவது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. நம் ஊரில் அடுத்தவன் இடத்தில் வேலி போட்டவன் மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பட்டாவுக்கு அலைவான், பார்த்திருப்பீர்கள். பட்டாவுக்கு மதிப்பே இல்லையென்றால் அவன் ஏன் அலைய வேண்டும்? பாகிஸ்தானில் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதிகள் அயூப் கான், ஜியாவுல் ஹக், முஷாரஃப் மூவரும் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். ஆனாலும் மூன்று பேருக்கும் உச்ச நீதிமன்றத்தின் முத்திரை தேவைப்பட்டது, கிடைக்கவும் செய்தது. சட்டத்துக்கு மரியாதை இருக்கிறது, ஆனால் வேலிக்குக் கொடுக்கிற மரியாதை இல்லை, பட்டாவுக்குக் கொடுக்கிற மரியாதை.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954ஆம் வருடம். பாகிஸ்தானுக்கு இன்னும் சொந்த அரசியல் சட்டம் கிடையாது. அதை எழுதத்தான் அரசியல் நிர்ணய சபை இருக்கிறது. அந்தச் சபை கவர்னர் ஜெனரலின் அதிகாரத்தைக் குறைத்து ஒரு சட்டம் கொண்டுவருகிறது. கவர்னர் ஜெனரல் குலாம் முகமது சும்மா இருப்பாரா? அக்டோபர் 24 அன்று சபையையே கலைத்துவிட்டார். சபையின் தலைவர் மௌல்வி தமீஸுத்தீன் கான், கிழக்கு வங்கத்துக்காரர். விடமாட்டேன் என்று கராச்சியில் இருந்த சிந்து தலைமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வீட்டைச் சுற்றிக் காவல் இருந்ததால் அவர் பின்வாசல் வழியாக பர்தா போட்டுக்கொண்டு ஆட்டோ ரிக்‌ஷாவில் நீதிமன்றம் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. ஒரு நாட்டின் சபைத் தலைவர் நீதி கேட்டு ஒளிந்து போக வேண்டியிருந்தது.

சிந்து நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. 1955 மார்ச் 21 அன்று தலைமை நீதிபதி முகமது முனீர் தலைமையிலான ஃபெடரல் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. சபையைக் கலைத்தது சரியா, தவறா என்கிற கேள்விக்குள் முனீர் போகவே இல்லை. நீங்கள் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழக்குப் போட்டீர்களோ அந்தப் பிரிவில் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கையெழுத்து இல்லை, அதனால் அந்தப் பிரிவும் செல்லாது, வழக்கும் செல்லாது என்றார்கள். யார் மேல் புகாரோ அவருடைய கையெழுத்து இல்லையென்று புகாரைத் தள்ளியாயிற்று! ஐந்து நீதிபதிகளில் ஏ.ஆர். கார்னீலியஸ் ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

அப்புறம்தான் தலைவலி. அந்தக் கணக்கில் பார்த்தால் 1947க்குப் பிறகு ஒப்புதல் வாங்காமல் நிறைவேறிய சட்டங்கள் எல்லாமே செல்லாமல் போகும். அரசாங்கமே அந்தரத்தில் தொங்கும். அதைச் சமாளிக்க அதே முனீர் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்ட அறிஞர் பிராக்டனிடமிருந்து ஒரு கோட்பாட்டைத் தேடி எடுத்தார். சட்டப்படி ஆகாதது, அவசியம் வந்தால் ஆகும் என்பது அதன் சாரம். உருதுவில் இதற்கு 'நஸரியா-எ-ஸரூரத்' என்று பெயர், அவசியக் கோட்பாடு. பாகிஸ்தானில் டீக்கடை அரசியல் பேசுகிறவருக்குக் கூட இந்தச் சொல் தெரியும்.

மூன்று வருடத்தில் அடுத்த சோதனை வந்தது. பலூசிஸ்தானின் லோரலாய் பகுதியில் தோஸோ என்பவர் மேல் கொலைக் குற்றச்சாட்டு. அவரை நீதிமன்றம் விசாரிக்கவில்லை. ஆங்கிலேயர் 1901இல் எல்லைப்புற மக்களுக்காகப் போட்ட தனிச் சட்டத்தின்படி ஊர்ப் பெரியவர்களின் ஜிர்கா விசாரித்துத் தண்டித்தது. இடையில் இன்னொன்று. அந்தச் சட்டத்தைப் பற்றி பழங்குடிப் பகுதியில் 'நா அப்பீல், நா வக்கீல், நா தலீல்' என்பார்கள். அப்பீல் இல்லை, வக்கீல் இல்லை, வாதம் இல்லை. ஒருவன் தப்புச் செய்தால் மொத்தக் கூட்டத்தையும் தண்டிக்க அதில் இடம் உண்டு. வெள்ளைக்காரன் போய் எழுபது வருடம் கழித்து, 2018இல்தான் அதை எடுத்தார்கள். சரி, தோஸோவுக்கு வருவோம். இது சமத்துவத்துக்கு எதிரானது என்று லாகூர் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. அதை எதிர்த்து அரசு செய்த மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 1958 அக்டோபர் 7 அன்று ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா அரசியல் சட்டத்தை ரத்து செய்து ராணுவச் சட்டம் போட்டார். அக்டோபர் 27 அன்று முனீரின் நீதிமன்றம் சொன்னது: புரட்சி ஜெயித்துவிட்டால் அதுவே புதிய சட்டத்தின் ஊற்று. அன்று இரவே அயூப் கான் மிர்சாவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார். ஜெயித்தவன் பக்கம்தான் சட்டம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னொருவன் வந்து ஜெயித்துவிட்டான்.

அடுத்தது 1972, அஸ்மா ஜிலானி வழக்கு. அயூபுக்குப் பிறகு வந்த தளபதி யாஹ்யா கான் போட்ட ராணுவச் சட்டத்தின் கீழ் அப்பாவைச் சிறையில் அடைத்ததற்காகக் கல்லூரி வயதுப் பெண் போட்ட வழக்கு. இந்தப் பெண்தான் பிற்காலத்தில் உலகம் அறிந்த மனித உரிமை வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர். அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் தோஸோ வழக்கில் சொன்னது தவறு என்றார்கள், யாஹ்யா கானை ஆட்சியை அபகரித்தவர் என்றே சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்தது ஏப்ரலில், யாஹ்யா கான் நாற்காலியை விட்டு இறங்கியது அதற்கு முந்தைய டிசம்பரில். அவர் உட்கார்ந்திருந்தபோது யாரும் சொல்லவில்லை. 1977இல் ஜியா வந்தார், அவர் கவிழ்த்த பிரதமர் சுல்பிகார் அலி புட்டோவின் மனைவி நுஸ்ரத் புட்டோ போட்ட வழக்கில் பழைய அவசியக் கோட்பாடு தூசி தட்டி எடுக்கப்பட்டது. 2000இல் ஜஃபர் அலி ஷா வழக்கில் முஷாரஃபுக்குத் தேர்தல் நடத்த மூன்று வருடம் அவகாசம் கொடுத்ததோடு, அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

சுல்பிகார் அலி புட்டோ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொலை வழக்கில் 1979 ஏப்ரல் 4 அன்று தூக்கு. உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு மூன்று. அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது 2024 மார்ச்சில். நாற்பத்தைந்து வருடம்.

இப்போது கேள்வியின் முதல் பாதி, பிரதமர்கள். பாகிஸ்தானில் இதுவரை எந்தப் பிரதமரும் ஐந்து வருடப் பதவிக்காலத்தை முழுசாக முடித்ததில்லை. யூசுஃப் ரசா கிலானிக்கு 2012 ஏப்ரலில் நீதிமன்ற அவமதிப்புக்காகக் கொடுத்த தண்டனை, நீதிபதிகள் எழுந்து போகும் வரை. அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத் தண்டனையை வைத்து ஜூனில் பதவி பறிபோனது. நவாஸ் ஷெரீஃப் விஷயம் இன்னும் வேடிக்கை. பனாமா ஆவணங்களில் ஆரம்பித்த வழக்கு, லண்டன் வீடுகள் எல்லாம் பேசப்பட்டன. கடைசியில் 2017 ஜூலையில் அவரை இறக்கிய காரணம், துபாயில் மகனுடைய கம்பெனியிலிருந்து வர வேண்டிய, அவர் வாங்காத சம்பளத்தை வேட்புமனுவில் காட்டவில்லை என்பது. அவர் சுத்தமானவர் என்று நான் வாதாட வரவில்லை. வாங்காத சம்பளத்துக்கு இவ்வளவு கறாராக இருக்கிற சட்டம், அரசியல் சட்டத்தையே நிறுத்திவைத்தவரிடம் எப்படி நடந்தது என்று பாருங்கள்.

1973 அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவு, அரசியல் சட்டத்தைக் கவிழ்ப்பது தேசத் துரோகம் என்கிறது. அந்தப் பிரிவில் தண்டிக்கப்பட்ட ஒரே தளபதி முஷாரஃப். 2007 நவம்பர் 3 அன்று நெருக்கடி நிலை போட்டதற்காக. 2019 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது அவர் துபாயில் இருந்தார். நீதிபதி வக்கார் அகமது சேட், தண்டனைக்கு முன்பே இறந்துவிட்டால் உடலை இஸ்லாமாபாத்தின் டி-சௌக் சதுக்கத்துக்கு இழுத்து வந்து மூன்று நாள் தொங்கவிட வேண்டும் என்றும் எழுதிவைத்தார். எனக்கு அந்த வரியைப் படித்தபோது கூசியது. அதுவரை சரியாகப் போன தீர்ப்பை அந்த ஒரு பத்தியே கெடுத்துவிட்டது. அடுத்த மாதமே லாகூர் உயர் நீதிமன்றம், அந்தச் சிறப்பு நீதிமன்றம் அமைத்ததே செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது 2024 ஜனவரி 10. முஷாரஃப் இறந்தது 2023 பிப்ரவரி 5.

நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டே போவதும் நியாயமில்லை. சமூகம் எப்படி இருக்கிறது? 2007 மார்ச்சில் தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியை ராஜினாமா செய்யச் சொன்னார் முஷாரஃப். மறுத்துவிட்டார். நாடு முழுக்கக் கறுப்புக் கோட்டுகள் தெருவுக்கு வந்தன. மே மாதம் அவர் இஸ்லாமாபாத்திலிருந்து லாகூருக்குக் காரில் போனபோது, சாதாரணமாக நான்கைந்து மணி நேரப் பயணம், வழியெங்கும் கூட்டம் நின்றதால் ஒரு முழு நாள் ஆனது. இதே சௌத்ரி 2000இல் முஷாரஃபுக்கு முத்திரை குத்திய நீதிபதிகளில் ஒருவர் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் அது பெரிய தருணம்தான், நான் மறுக்க மாட்டேன்.

நான்கு வருடம்கூட ஆகவில்லை. 2011 ஜனவரி 4, பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். மத நிந்தனைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தசீர் பேசியதுதான் காரணம். கொலையாளி மும்தாஜ் காத்ரியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது சில வழக்கறிஞர்கள் ரோஜா இதழ் தூவினார்கள். அதே கறுப்புக் கோட்டு. அவருக்கு மரண தண்டனை கொடுத்த நீதிபதி நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

கொலையைப் பற்றிய சட்டமே அங்கே வேறு மாதிரி. 1990இல் வந்த கிஸாஸ், தியத் முறைப்படி, கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னிக்கலாம், ரத்தப் பணமும் வாங்கிக்கொள்ளலாம். கொலை என்பது அரசுக்கு எதிரான குற்றம் என்பதிலிருந்து இரண்டு குடும்பத்துக்கு நடுவே உள்ள கணக்காக மாறிவிடுகிறது. கொன்றவனும் செத்தவளும் ஒரே வீடு என்றால்? காந்தீல் பலூச் என்ற சமூக ஊடகப் பிரபலத்தை 2016 ஜூலையில் அவருடைய தம்பியே கழுத்தை நெரித்துக் கொன்றான். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, கௌரவக் கொலையில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று சட்டம் மாறியது. 2019இல் தம்பிக்கு ஆயுள் தண்டனை. 2022 பிப்ரவரியில் லாகூர் உயர் நீதிமன்றத்தின் முல்தான் அமர்வு அவனை விடுவித்துவிட்டது. அம்மா மன்னித்திருந்தார். சட்டம் மாறியும், மன்னிப்புக் கடிதம் போகிற பாதை அப்படியே இருந்தது.

இன்றைய நிலையையும் கேட்பீர்கள். 2023 மே 14 அன்று பஞ்சாபில் தேர்தல் நடத்து என்று உச்ச நீதிமன்றம் தேதி போட்டு உத்தரவிட்டது. அன்று தேர்தல் நடக்கவில்லை. 2024 மார்ச்சில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேர், வழக்குகளில் உளவுத்துறை தலையிடுகிறது, மிரட்டுகிறது என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். 2025 நவம்பரில் அரசியல் சட்டத்தில் 27ஆவது திருத்தம் வந்தது. அரசியல் சட்ட வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம், ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்ற ராணுவத் தளபதிக்கு ஆயுள் முழுக்க வழக்கிலிருந்து பாதுகாப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மன்சூர் அலி ஷாவும் அதர் மினல்லாவும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள். முன்பெல்லாம் ஆட்சியைப் பிடித்துவிட்டு முத்திரைக்குப் போனார்கள். இந்த முறை பாதுகாப்பை முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி வைத்துக்கொண்டார்கள். 6ஆவது பிரிவு அதே புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

இம்ரான் கான் வழக்குகளைப் பற்றித் தனியாக நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை இதில் சேர்த்தால் இன்னும் அரை மணி நேரம் ஆகும், அடுத்த வீடியோவில் பார்ப்போம்.