செட் பேக்கர்: ஒரே மூச்சில் குரலும் டிரம்பெட்டும்

நேயர்களுக்கு வணக்கம். டிரம்பெட் கலைஞர் பாடவும் செய்வது ஜாஸ் இசைக்குப் புதிதன்று. லூயி ஆம்ஸ்ட்ராங் 1920களிலேயே அதைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் அவருடைய கரகரத்த, களிப்பு ததும்பும் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, 1954இல் பசிபிக் ஜாஸ் நிறுவனம் வெளியிட்ட ‘செட் பேக்கர் சிங்ஸ்’ இசைத்தட்டு விசித்திரமாகவே பட்டிருக்கும். அதில் பாடிய 24 வயது இளைஞர் குரலை உயர்த்தவுமில்லை, நடுங்கவிடவுமில்லை.

ஓக்லஹோமா மாநிலத்தின் யேல் என்னும் சிற்றூரில் பிறந்த பேக்கர், 1952இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜெரி மல்லிகனின் நால்வர் குழுவில் டிரம்பெட் வாசித்துப் பெயர் பெற்றவர். அந்தக் குழுவில் பியானோ கிடையாது. பாட்டின் சுர அடுக்குகள் எங்கே மாறுகின்றன என்பதைத் தாங்கிப் பிடித்துச் சொல்ல ஆளில்லாத நிலையில், டிரம்பெட் வாசிப்பவர் தாம் தேர்ந்தெடுக்கும் ஓரிரு சுரங்களாலேயே அதைக் கேட்பவருக்கு உணர்த்தியாக வேண்டும். அவருடைய பாட்டில் நாம் கேட்கும் சிக்கனம் இந்தப் பழக்கத்தில் விளைந்தது என்பதே என் எண்ணம்.

இசைத்தட்டில் ரஸ் ஃப்ரீமன் பியானோவும், மணியோசை எழுப்பும் சிறு பியானோ போன்ற செலஸ்டாவும் வாசிக்க, கார்சன் ஸ்மித் பாஸும் பாப் நீல் டிரம்ஸும் துணை நின்றனர். கெர்ஷ்வின் சகோதரர்களின் ‘பட் நாட் ஃபார் மீ’ பாடலைச் சற்று உற்றுக் கேளுங்கள். பேக்கர் பாடி நிறுத்தியதும் டிரம்பெட் உள்ளே வருகிறது. வாய் மாறியதே தவிர, சொற்றொடரின் நீளமும், தாளத்திற்குச் சற்றுப் பின்தங்கி வந்து சேரும் வழக்கமும், வரியின் இறுதியைச் சட்டென்று விட்டுவிடும் முறையும் அப்படியே இருக்கின்றன. பாடகர் ஓய்வெடுக்கும் இடத்தை நிரப்ப வரும் வாசிப்பன்று இது. அவரே சொற்களின்றித் தொடர்கிறார்.

சுருதி சில இடங்களில் சற்றே இறங்குகிறது. அக்காலத்து ஜாஸ் ரசிகர்களில் பலர் அவருடைய பாட்டை ஏற்காததற்கும் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் ‘ஐ கெட் அலாங் விதவுட் யூ வெரி வெல்’ பாடலில் அந்த எளிய குரலே பெரும் பலமாகிறது. நீ இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, மென்மழை பெய்யும் வேளையைத் தவிர என்று விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும் பாடல் அது. விம்மிப் பாடுகிறவர், அது பொய் என்பதை முதல் வரியிலேயே காட்டிக் கொடுத்துவிடுவார். பேக்கரோ சாட்சிக்கூண்டில் நிற்பவரைப் போல உணர்ச்சியின்றி ஒப்பிக்கிறார்; பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலை கேட்பவருக்கு வந்து சேர்கிறது.

முதலில் வெளிவந்தது எட்டுப் பாடல்கள் கொண்ட 10 அங்குலத் தட்டு. 1956இல் ஆறு பாடல்களைப் புதிதாகப் பதிவுசெய்து, 12 அங்குலத் தட்டாக வெளியிட்டபோது, புதியவற்றை முதல் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். இன்று பரவலாகக் கிடைப்பது அந்த வரிசைதான். ஆகவே, முதன்முறை கேட்பவர்கள் ஏழாவது பாடலிலிருந்து தொடங்குவது நல்லது.