நடுமொட்டின் சாட்சி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, மணலில் துண்டு விரித்து இடம் பிடித்திருக்கும் தங்கச்சிமடத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'இந்த ராமேசுவரம் தீவுக்கு இளவேனில் வந்த செய்தியை முதலில் சொல்வது கடலா, கொல்லையா?' இதுதான் இன்றைய தலைப்பு. கடலுக்காகப் பேசிய அண்ணன் அருமையாகப் பேசினார். வாடை தணியும், வடகடல் குளம்போல் படுத்துவிடும், தென்கடல் பக்கம் ஒதுங்கியிருந்த படகுகள் இந்தப் பக்கம் திரும்பும், அதுவே இளவேனில் என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அண்ணன் வீடு என் வீட்டுக்கு நான்காவது வீடு. தட்டாவிட்டால் நாளைக்குக் குழம்புக்கு மீன் வராது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு நல்லது. நெய்தல் நிலத்துக்காரனுக்குப் பருவம் தெரியாதா என்று இலக்கணத்தையும் இழுத்தார். தன் வலையில் தானே மாட்டிய இடம் அது. முல்லைக்குக் கார், பாலைக்கு வேனில் என்று நிலத்துக்கு நிலம் பொழுதைப் பிரித்துக் கொடுத்த அகப்பொருள் இலக்கணம் நெய்தலுக்கு என்ன கொடுத்தது? ஆறு பருவமும் உனக்கே, வைத்துக்கொள் என்றுவிட்டது. ஆறையும் ஒன்றுபோல் வாங்கிப் போட்டுக்கொள்கிற கடலிடம் போய், இதில் இளவேனில் எது என்று கேட்டால் அது எதை எடுத்துக் காட்டும்? 'உன் கொல்லையும் நெய்தலில்தானே இருக்கிறது' என்று அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது. ஆனால் என் கொல்லை இலக்கணம் படிக்கவில்லை.

ஏட்டுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி; சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். நம் ஊரில் பங்குனியில் பனியைத் தேடினால் மீன் பெட்டிக்குள்தான் கிடைக்கும்.

என் கொல்லை மொத்தம் ஒன்றரை சென்ட். ஒரு வேம்பு, ஒரு முருங்கை, வேலியோரம் ஒரு பூவரசு, கிணற்றடியில் ஐந்து குண்டுமல்லிச் செடிகள். மீன் ஏற்றிய பழைய தெர்மாகோல் பெட்டியில் மண் நிரப்பி இரண்டு முண்டு மிளகாய்ச் செடிகளும் வைத்திருக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்து முண்டுதான். இப்போது உருண்டு சிவந்து நிற்கிறது. பூவரசைச் சாட்சிக்கு அழைக்க மாட்டேன். அது மார்கழியிலும் பூக்கும், ஆடியிலும் பூக்கும். காலையில் மஞ்சளாக ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு சிவப்பாக வேறொன்று சொல்லும். அந்த மாதிரிச் சாட்சி எதிரணிக்கே இருக்கட்டும்.

என் சாட்சி மல்லி. இதைப் பற்றி இந்த ஊரில் நான் பாடம் நடத்தக் கூடாது. வெளி மாநிலம் வரைக்கும் மல்லிகை நாற்று அனுப்புகிற ஊர் இது. ராமநாதபுரம் குண்டுமல்லி என்று நம் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கிறது. ஆனாலும் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களுக்காகச் சொல்கிறேன். வாடைக் காலம் முழுக்க இந்தச் செடி பட்டபாடு எனக்குத்தான் தெரியும். வடக்குப் பார்த்த இலைகளெல்லாம் ஓரம் கருகி, தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். பொங்கல் முடிந்ததும் கவாத்து செய்து, மிச்ச இலைகளையும் உருவி விட்டேன். வாரக் கணக்கில் வெறும் குச்சி. 'இதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தால் என்ன' என்று அப்பத்தா கேட்டுவிட்டார்கள். அரிசி களைந்த தண்ணீரை மட்டும் ஊற்றிவந்தேன். மாசி பிறந்து பத்து நாள் இருக்கும், கணுவுக்குக் கணு இரண்டு பக்கமும் எறும்புத் தலை அளவில் பச்சை. அப்புறம் இலை. அந்தப் புது இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன் நடுவர் அவர்களே, உப்பு இல்லை. வாடை போய்விட்டது என்பதை அண்ணன் படகில் ஏறித் தெரிந்துகொண்டார். நான் கிணற்றடியில் நின்று நாக்கால் தெரிந்துகொண்டேன்.

பிறகு மொட்டு. மல்லி மூன்று மூன்றாக மொட்டு வைக்கும். நடுமொட்டு முந்திக்கொள்ளும், அது விரிந்த பிறகுதான் பக்கத்து மொட்டுகள் இரண்டும் வாய் திறக்கும். இந்த மேடையில்தான் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு நடுவில் இருப்பவர் வாய் திறக்கிறார்.

அடுத்தது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும், வேனில் வந்ததற்கு அதைவிட என்ன அடையாளம் என்று இன்னொரு அண்ணன் கேட்டார். அது அரசாங்கம் தேதி போட்டுச் சொல்வது. அதில் கடல் சொன்னது என்ன இருக்கிறது? மேலும் ஏப்ரல் 15 வருவதற்குள் சித்திரை பிறந்து, என் வேம்பு உதிர்த்த பூவைச் சேலை விரித்துப் பிடித்து, பச்சடி வைத்து, அந்தப் பச்சடியைத் தின்றும் முடித்திருப்போம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கிணற்றுத் தண்ணீர் இப்போதே லேசாக உவர்க்கத் தொடங்கிவிட்டது. இளவேனில் வந்த கையோடு அதன் அக்கா முதுவேனிலும் கதவைத் தட்டுகிறாள் என்று அர்த்தம். அதையும் முதலில் கண்டது மல்லி இலையின் நுனிதான்.

கடைசியாக என் மாமனார். ஐம்பது ஆண்டுகள் வள்ளத்தில் போனவர், அசல் கடல் அணி. அவர் விடியலில் எழுந்து கடலைப் பார்த்ததே இல்லை. கொல்லைக் கதவைத் திறந்து முருங்கையைப் பார்ப்பார். கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, உதிர்ந்த பூ எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான், இன்றைக்கு எந்தக் கடலுக்குப் போவது என்று முடிவு செய்வார். பூ தெற்குப் பக்கம் கிடந்தவரைக்கும் வாடை. நேர் கீழே கிடந்தால் வடகடல் ஆறிவிட்டது. அண்ணன் பெருமையாகச் சொன்னாரே, படகுகள் பக்கம் மாறும் என்று. அந்தப் படகுக்கு உத்தரவு எங்கள் வீட்டு முருங்கையடியில் இருந்து போனது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். இன்று காலையில் என் செடியில் ஏழு மொட்டுகள், இந்த ஆண்டின் முதல் பறிப்பு. ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, எதிரணி பேசத் தொடங்கும்போது உங்கள் மேசை மேல் வைத்தேன். அப்போது எல்லாம் மூடியிருந்தன. இப்போது மணி எட்டரை ஆகிறது, நடுவர் அவர்களே. துணியைப் பிரித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.