ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு டாக்டர் படிப்பு கட்டாயமா?

அடுத்த கேள்வி ஒரு தங்கை அனுப்பியது. "பி.டெக். பயோடெக்னாலஜி முடிக்கப் போகிறேன். பழுதான திசுக்களைச் செல்களால் சரிசெய்யும் ஆராய்ச்சியில் சேர ஆசை. டாக்டருக்குப் படிக்காமல் அதில் நுழையவே முடியாது என்கிறார்கள், உண்மையா?"

இல்லைம்மா. இந்தத் துறையையே மாற்றிய சோதனையைச் செய்த கசுதோஷி தகாஹாஷி பொறியியல் படித்தவர். 2000-இல் ஜப்பானின் நாராவில், ஷின்யா யமனாகாவின் புது ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தார். முதிர்ந்த செல்லை மறுபடியும் கருநிலைச் செல் மாதிரி ஆக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தனித்தனியாகச் செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. 24-ஐயும் சேர்த்துப் போட்டதும் ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) போன்ற கூட்டங்கள் வளர்ந்தன. சரி, இதில் எது எது தேவை? ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதி 23-ஐப் போட்டுப் பார்த்தார். எதை விட்டால் கூட்டம் வளரவில்லையோ, அது முக்கியம். இப்படிக் கழித்துக் கழித்து 4 மரபணுக்களில் வந்து நின்றார்கள். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! 2006-இல் எலிச் செல்லில் இது வெளியானது, அடுத்த ஆண்டே மனிதத் தோல் செல்லில். 2012-இல் யமனாகாவுக்கும் ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

டாக்டர்கள் தேவைப்படும் இடமும் உண்டு. 2014-இல் கோபே நகரில், ஒரு நோயாளியின் தோல் செல்லிலிருந்தே விழித்திரைச் செல்கள் வளர்த்து அவர் கண்ணில் வைத்தார்கள். அந்தக் குழுவை நடத்திய மசாயோ தகாஹாஷி கண் டாக்டர். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை அவர்களுடையது. ஆய்வக மேஜையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.

அதனால் இப்போதே செல் கல்ச்சர் கற்றுக்கொள்ளுங்கள். கிருமி கலக்காமல் செல்லை வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் கைப்பழக்கம் புத்தகத்தில் வராது. வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், பெங்களூரு இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ப்ராஜெக்ட் வேலையாக நுழைந்து, அப்புறம் பிஎச்.டி.க்குப் போகலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்லா நோய்க்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளில் வேலைக்குச் சேராதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, சில நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் முறையான ஆய்வாக, நோயாளியிடம் காசு வாங்காமல் நடக்க வேண்டியவை.