பழைய யமஹா ஆர்15 பைக் வாங்கப் போறீங்களா? சைலன்சரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதையெல்லாம் பாருங்க

[காட்சி: விடிகாலை, வீட்டு வாசல். கேமரா இன்ஜின் பக்கத்துல. இன்ஜின் மேல கை வச்சுக் காட்டணும், சில்லுன்னு இருக்கு.]

வணக்கம் மக்களே. ஒரு பத்து செகண்ட் நான் பேசலை, இந்த சத்தத்தை மட்டும் கேளுங்க.

[ஸ்டார்ட். பத்து செகண்ட் ஐடிலிங்.]

இது யமஹா ஆர்15 வெர்ஷன் 2, 2014 மாடல். வாங்குறப்போ 41 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, 55 ஆயிரம் ரூபா குடுத்து கோயம்புத்தூர்ல இருந்து நாமக்கல்லுக்கு ஓட்டிட்டு வந்தேன், அதுக்கப்புறம் ஒரு 20 ஆயிரத்துக்கிட்ட இதுக்குப் போட்டிருக்கேன், அதுல ஒரு ரூபா கூட சத்தத்துக்கோ ஸ்டிக்கருக்கோ போகலை. ஆனா வண்டி இப்ப ஓடுற மாதிரி வாங்குன அன்னைக்கு ஓடலை, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அந்த 20 ஆயிரம் எங்க போச்சுன்னு சொல்றதுக்குத்தான் இந்த வீடியோ.

முதல்ல ஏன் இந்த வண்டி. 2008ல ஆர்15 வந்தப்போ நம்ம ஊர்ல 150 சிசின்னா ஏர் கூலிங், கார்புரேட்டர், 5 கியர், அவ்ளோதான். இது 149.8 சிசிலயே லிக்விட் கூலிங், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், நாலு வால்வு, 6 கியர், டெல்டாபாக்ஸ்னு யமஹா சொல்ற கெட்டியான ஃப்ரேம்னு வந்து நின்னுச்சு. பவர் 17 பிஎஸ்தான், கிட்டத்தட்ட 17 குதிரைசக்தி, அதுவும் 8500 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 8500 சுத்து சுத்துறப்போ. 2011ல வெர்ஷன் 2 வந்துச்சு, அலுமினியம் ஸ்விங்ஆர்ம் (பின் வீலைத் தாங்குற கை), பின்னாடி 130 சைஸ் ரேடியல் டயர், பிரிச்ச சீட்டு. 2018ல வெர்ஷன் 3, 155 சிசி, விவிஏ, டக்குன்னு கியர் குறைச்சாலும் பின் வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஸ்லிப்பர் கிளட்ச். விவிஏன்னா 7400 ஆர்பிஎம் தாண்டுனதும் இன்டேக் வால்வை வேற கேம் தூக்க ஆரம்பிக்கும், அதனால கீழயும் இழுக்கும், மேலயும் மூச்சு முட்டாது. 2019ல அதுக்கு ரெண்டு வீல்லயும் ஏபிஎஸ், அதாவது பிரேக் அடிக்கிறப்போ வீல் லாக் ஆகாம தடுக்கற சிஸ்டம், குடுத்தாங்க. இங்க ஒண்ணு நேராவே சொல்லிடுறேன், உங்க பட்ஜெட் அந்த ஏபிஎஸ் வச்ச வெர்ஷன் 3 வரைக்கும் எட்டுச்சுன்னா என் வண்டியைப் பாத்து மயங்காதீங்க, அதையே வாங்குங்க. மழைல பிரேக் புடிக்கிறப்போ அந்தக் காசோட அருமை தெரியும்.

[காட்சி: சிலிண்டர் பிளாக் க்ளோசப்.]

சரி, வண்டி பாக்கப் போறீங்க. போறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, "அண்ணா, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்". போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. என் கூட வந்த மெக்கானிக் அண்ணன் 30 வருஷமா இந்த வேலைல இருக்கார், அவர் முதல் கேள்வியே "கண்ணு, தொட்டுப் பாத்தியா?"தான். சூடா இருந்துச்சுன்னா அவங்க முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், கோல்டு ஸ்டார்ட்ல வர்ற புகையும் தட்டுற சத்தமும் உங்களுக்குத் தெரியாமலே போயிடும்.

இந்தப் புகை விஷயத்துல கொஞ்சம் நிக்கலாம், ஏன்னா ஆர்15ல இது மத்த வண்டி மாதிரி கிடையாது. சாதாரண வண்டில அலுமினிய பிளாக்குக்குள்ள இரும்பு லைனர் ஒண்ணு இருக்கும், அது தேஞ்சா லேத்துல குடுத்து போர் பண்ணி, அதாவது உள்ள கொஞ்சம் கடைஞ்சு பெருசாக்கி, ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டிடலாம், நம்ம அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். ஆர்15ல இருக்கறது டயாசில் சிலிண்டர். லைனரே இல்லை. அலுமினியத்துல கிட்டத்தட்ட 20 சதவீதம் சிலிக்கான் கலந்து வார்த்திருப்பாங்க, அந்த சிலிக்கான்தான் தேயாம தாங்குது, சூட்டையும் சீக்கிரம் வெளிய தள்ளுது. ஒழுங்கா ஆயில் மாத்துனா ரொம்ப நாள் உழைக்கும். ஆனா ஆயில் இல்லாம ஓட்டியோ, இன்ஜின் சூட்டைக் குறைக்கற கூலன்ட் காலியாகி ஹீட் ஏறியோ சிலிண்டருக்குள்ள கோடு விழுந்துச்சுன்னா பழைய மாதிரி போர் பண்றதுக்கு வழி கிடையாது, பிளாக்கு பிஸ்டன் ரிங்கு எல்லாம் சேத்து புதுசாத்தான் போடணும். அதனால ஆக்சிலேட்டர் முறுக்கி விடுறப்போ நீலமா புகை வந்துச்சுன்னா, "பரவால்ல, அஞ்சாயிரம் கம்மி பண்ணிக்கறேன்"னு சொன்னாலும் வேண்டாம், அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க.

ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, உள்ள பால் காபி கலர்ல நுரை மாதிரி இருந்தா தண்ணி கலக்குது, ஹெட் கேஸ்கெட்டோ வாட்டர் பம்ப் சீலோ போயிருக்கலாம். கூலன்ட் டப்பால கலர் தண்ணிக்குப் பதிலா வெறும் பைப் தண்ணி இருந்துச்சுன்னா அதுவும் கெட்ட சகுனம்தான், பல வருஷமா ரேடியேட்டரை யாருமே எட்டிப் பாக்கலைன்னு அர்த்தம். அப்புறம் ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க, கடைசில போய் முட்டுற இடம் இருக்கு பாருங்க, ஃப்ரேம்ல சின்னதா ஒரு ஸ்டாப்பர், அது நசுங்கியிருந்தாலோ அங்க மட்டும் புதுசா பெயின்ட் இருந்தாலோ வண்டி முன்னாடி பலமா அடி வாங்கியிருக்கு. ஃபேரிங், அதாவது வெளிய மூடியிருக்கற பிளாஸ்டிக் பாடி, புதுசா பளபளன்னு இருக்குறதை நம்பாதீங்க, டார்ச் அடிச்சு உள்ள ஃப்ரேமைப் பாருங்க.

[காட்சி: பழைய வயரிங், டேப் சுத்துனது.]

என் வண்டில நான் தவற விட்டது இது. முன்னாடி வச்சிருந்தவர் ஏதோ ஒரு ஆக்சசரி கடைல எல்இடி லைட்டும் அலாரமும் போட்டு, அப்புறம் கழட்டிட்டார், ஆனா அறுத்து ஜாயின்ட் போட்ட வயரெல்லாம் அப்படியே டேங்குக்கு அடியில கிடந்துச்சு. வாங்கி மூணாவது வாரம் ராசிபுரம் போற வழில ராத்திரி வண்டி மொத்தமா ஆஃப். பின்னாடி லாரி வந்துட்டு இருந்துச்சு, தம்பி, அந்த நிமிஷம் இப்பவும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அடுத்த நாள் முழுக்க உக்காந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பிரிச்சு, சோல்டர் வச்சு, ஹீட் ஷ்ரிங்க் போட்டோம். அதனால சீட்டைக் கழட்டச் சொல்லுங்க, இன்சுலேஷன் டேப் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, டேப் அதிகமா இருந்தா விலையைக் குறைச்சுப் பேசுங்க, இல்ல விட்டுடுங்க.

இப்ப மாடிஃபிகேஷன். வாங்குன உடனே எல்லாருக்கும் கை துறுதுறுங்கும், எனக்கும்தான். என் கருத்து ஒண்ணே ஒண்ணு, பத்து வருஷ வண்டிக்குப் பெரிய மாடிஃபிகேஷன்னா அது கம்பெனில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அந்த நிலைமைக்குத் திரும்பக் கொண்டு வர்றதுதான். இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் முதல் வாரத்துலயே மாத்தியாச்சு. அப்புறம் செயின் ஸ்ப்ராக்கெட் மொத்த செட்டு. அப்புறம் ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங், அதாவது கோன் செட், ஃபோர்க்ங்கற முன் ஷாக் அப்சார்பருக்குள்ள இருக்கற ஃபோர்க் ஆயில், ஃபோர்க் ஆயில் சீல். இந்த ஃபோர்க் ஆயிலை யாருமே மாத்துறதில்லைங்க, இன்ஜின் ஆயில் மட்டும்தான் ஆயில்னு நினைச்சுக்கறோம். நான் கழட்டி ஊத்துனப்போ சாக்கடைத் தண்ணி மாதிரி கருப்பா வந்துச்சு, அளவும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மாத்துனதும் பிரேக் அடிக்கிறப்போ முன்னாடி மூக்கு குத்துறது பாதி குறைஞ்சுடுச்சு.

அடுத்தது டயர், அதிகமா காசு போனதும் இதுக்குத்தான், ரெண்டும் சேத்து எட்டாயிரத்துக்கு மேல. பழைய டயர்ல பட்டன், அதாவது ரோட்டுல படுற ரப்பர் கட்டம், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சைடுல நாலு நம்பர் அச்சடிச்சிருக்கும் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2316ன்னா 2016ல 23வது வாரம் செஞ்சது. என்னோடது அதுதான், ரப்பர் கட்டை மாதிரி ஆயிடுச்சு. புதுசு போடுறப்போ கடைக்காரர் 150 சைஸ் போடலாம் தம்பி, பாக்க மாஸா இருக்கும்னார். வேண்டாம்னுட்டேன். இந்த ரிம்முக்கு அது அகலம் ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் உள்ள இழுத்துப் புடிச்சு டயரோட நடு கூம்பா ஆயிடும், எடையும் கூடும், இருக்கறதே 17 பிஎஸ், அதை டயர் உருட்டவே செலவு பண்ணுவானேன், அதுக்கும் மேல வளைவுல சாயுறப்போ ரோட்டுல படுற ரப்பர் சரியா உக்காராது. கம்பெனி சைஸ் 130/70 ரேடியல், முன்னாடி 90/80, அதையே நல்ல காம்பவுண்டுல போட்டேன்.

[காட்சி: காரவள்ளி செக்போஸ்ட் தாண்டி மலை ஏற்றம், டேங்க் மேல கேமரா.]

இது கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு. டயர் மாத்துறதுக்கு முன்னாடி இங்க ஏறுறப்போ ஒவ்வொரு வளைவுலயும் தோள்பட்டை இறுகிப் போயிடும். இப்ப முட்டியால டேங்கைக் கவ்விப் புடிச்சா போதும், கை லேசா இருக்கு, வண்டி தானா திரும்புது. டேங்குக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் கிரிப் ஒட்டியிருக்கேன், இதுவும் உருப்படியான மாடிஃபிகேஷன், மணிக்கட்டு வலி நிஜமாவே குறையும். பிரேக்குக்கு நல்ல பேடும் ஸ்டீல் பின்னல் ஹோசும் போட்டேன். ரேஸ் மாதிரி ஓட்டிப் பாக்கணும்னு ஆசை இருந்தா மலை ரோட்டுல வேண்டாம், எதிர்ல பஸ்ஸு வரும், சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குலயும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேலயும் நம்ம வண்டியை ஓட்டிப் பாக்கற டிராக் டே நடக்கும், அங்க போங்க. இதே ஆர்15 வச்சே இருங்காட்டுக்கோட்டைல தனி ரேஸ் நடத்தியிருக்காங்க.

சைலன்சர். எல்லாரும் கேக்குறது இதைத்தான். இந்த வண்டில பெட்ரோல் எவ்ளோ ஊத்தணும்னு ஈசியுங்கற குட்டி கம்ப்யூட்டர் கணக்கு போடுது, அந்தக் கணக்கு கம்பெனி சைலன்சருக்கும் கம்பெனி ஏர் ஃபில்டருக்கும் சேத்துப் போட்டது. நீங்க சைலன்சரை மட்டும் மாத்துனா காத்து ஓட்டம் மாறும், பெட்ரோல் கணக்கு அதுக்கேத்த மாதிரி மாறாது, ஆக்சிலேட்டர் விடுறப்போ பட்பட்னு வெடிக்கிற சத்தம் அதனாலதான் பெரும்பாலும். 17 பிஎஸ் வண்டில நீங்க உக்காந்து உணர்ற அளவுக்குப் பவர் ஏறாது. ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவுல தூங்குற குழந்தைங்க முழிக்கும், அது மட்டும் நிச்சயம்.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்கற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதிப்படுத்துச்சு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, இல்ல ரெண்டுமோ போடலாம், சத்தத்துக்கும் புகைக்கும் தனியா 10 ஆயிரம் வரைக்கும் இருக்கு, லைசென்ஸும் மூணு மாசம் போகும். அதைவிட எனக்குப் பெரிய பயம் இன்சூரன்ஸ், ஆக்சிடென்ட்னு ஒண்ணு ஆகி, வண்டில சொல்லாம மாத்துனது இருந்துச்சுன்னா க்ளெய்ம்ல அதையே காரணமா காட்டலாம்.

பேப்பர் வேலை சீக்கிரமா சொல்லிடுறேன். பரிவாகன்ங்கற அரசாங்க வெப்சைட்ல வண்டி நம்பர் போட்டு சலான் பாக்கி, லோன், இன்சூரன்ஸ் பாருங்க. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பரை ஆர்சியோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. லோன் இருந்திருந்தா ஃபார்ம் 35, பேர் மாத்த ஃபார்ம் 29, 30. ஆர்சி 15 வருஷத்துக்குத்தான், அதனால 2011, 2012 மாடல் கம்மி விலைக்கு வந்துச்சுன்னா எஃப்சி காட்டி ரினியூவல் பண்ற செலவையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

என் வண்டில இன்னும் ஒரு வேலை பாக்கி. பின்னாடி மோனோஷாக், அதாவது ஒத்தை ஷாக் அப்சார்பர், ஒரு லிங்க் மேல உக்காந்திருக்கு, அந்த பேரிங்குக்கு பத்து வருஷமா கிரீஸ் வச்ச மாதிரியே தெரியலை, பள்ளத்துல இறங்குறப்போ கிரீச்சுங்குது. வர்ற ஞாயித்துக்கிழமை மெக்கானிக் அண்ணன் கடைல கழட்டுறோம், கேமராவும் கூட வரும்.

[காட்சி: வளைவுல இறங்கிப் போற வண்டி, அந்த சத்தம் மட்டும். கட்.]