விரல் நீளக் கம்பளி நூல்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறி உச்சியில் இறங்கியவர்கள், ஒருமுறையாவது கம்பி வேலியோரம் நின்று, கீழே ஜார்ஜ்டவுனையும் அதற்கப்பால் கடலையும் கடலுக்கப்பால் பட்டர்வொர்த்தையும் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். அங்கிருந்து, இயந்திரமே இல்லாத ஒரு விமானத்தைக் காற்றில் விட்டால் அது எங்கே போய் விழும் என்று நான் நண்பர்களைக் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் சற்றும் யோசிக்காமல், மலையடிவாரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாம் என்று சொல்லிவிடுவார்கள்.

உண்மை அதுவன்று. கற்றுக்குட்டிகளுக்குப் பல நாடுகளில் பயன்படும் ஏஎஸ்கே 21 என்ற கிளைடர், ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 34 மீட்டர் முன்னே சென்றுவிடும். பட்டர்வொர்த் கொடிமலையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். காற்று அசையாமல் இருந்தால், ஃபெரி கடக்கும் அந்தக் கடலைக் கடந்து அக்கரை சேரும்போதும் பாதி உயரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். ஆகவே, விழுதல் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுவோம். கிளைடர் விழுவதில்லை, மிக மெல்லிய சரிவொன்றில் இறங்குகிறது.

பெரிய பயணிகள் விமானங்களும் அப்படித்தான். 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஒன்று, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்து, நான்கு இயந்திரங்களையும் இழந்தது. ஆயினும் அது கல் போலக் கடலில் விழவில்லை. இயந்திரங்கள் மீண்டும் உயிர்பெறும் வரை மிதந்து இறங்கி, பின்னர் ஜகார்த்தாவில் தரைதொட்டது. அதில் இருந்த 263 பேரும் உயிர் பிழைத்தனர்.

என் கதைக்கு வருகிறேன். கிளைடருக்கு இறங்கும் இடமெல்லாம் வெட்டவெளி வேண்டும். நம் நாட்டில் மேலிருந்து பார்த்தால் காடும் செம்பனையும்தான். பணி நிமித்தமாக மூன்றாண்டுகள் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோதுதான், என் 46ஆம் வயதில், போர்க்காலத்து விமானத்தளம் ஒன்றில் இதைக் கற்கத் தொடங்கினேன். கற்கத் தொடங்கினேன் என்பதைவிடத் தள்ளத் தொடங்கினேன் என்பதே பொருத்தம். கிளைடரால் தரையில் தானாக நகர முடியாது. காலையில் அதைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வருவது, இறங்கி நின்றதை மறுபடி புறப்படும் இடத்துக்கு இழுத்து வருவது, இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு உடன் ஓடுவது, ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவது என்று மாலை வரை உழைத்தால், ஆறு ஆறு நிமிடங்களாக மூன்று முறை பறக்கக் கிடைக்கும். இந்தக் கணக்கைக் கேட்ட என் மனைவி, தைப்பூசத்தில் ரதம் இழுத்தாலாவது புண்ணியம் கிடைக்கும் என்றார்.

மேலே ஏறுவது எப்படி? சிறு வயதில் பட்டம் விட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கயிற்றின் ஒரு முனையைக் கிளைடரின் அடிவயிற்றில் உள்ள கொக்கியில் மாட்டுவார்கள். மறுமுனையை மைதானத்தின் அந்தக் கோடியில் வின்ச் என்ற பொறி சுருட்டும். மூன்று நான்கு நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரே வானம் மட்டும் இருக்கும். முந்நூறு, நானூறு மீட்டர் உயரத்தில் மஞ்சள் குமிழை இழுத்தால் கயிறு கழன்றுவிடும். அதன் பிறகு பட்டத்துக்கு நூல் இல்லை.

நூல் இல்லை என்றா சொன்னேன்? ஒரு நூல் உண்டு. இன்று நான் பேச வந்ததே அந்த நூலைப் பற்றித்தான். ஓட்டுநர் முகத்துக்கு நேரே, கண்ணாடிக் கூண்டின் வெளிப்புறத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள். முன்முனை ஒட்டப்பட்டிருக்கும், பின்முனை காற்றில் ஆடும். ஸ்வெட்டரிலிருந்து பிரித்தெடுத்த நூலே போதும். விலை ஒரு சென்கூட ஆகாது. ஆனால் 70,000 அடி உயரத்தில் பறக்கும் அமெரிக்க உளவு விமானமான யூ-2 வரை அதே நூல் ஒட்டப்பட்டிருக்கிறது என்றால், அதன் மதிப்பை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நூல் நேராகக் கிடந்தால் விமானம் காற்றை நேராகக் கிழித்துக்கொண்டு செல்கிறது. நூல் சாய்ந்தால் விமானம் கோணலாகச் செல்கிறது. கோணலாகச் சென்றால், அரிய உயரம் வீணாகக் கரைகிறது.

என் நூல் முதல் இருபது பறத்தலிலும் ஒருகணம்கூட நேராக நின்றதில்லை. காரணம், நான் கார் ஓட்டிப் பழகியவன். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கையால் திருப்பினால் போதும் என்று உடம்பு நம்பியிருந்தது. கிளைடரில் ஓட்டுநர் கையில் பிடித்திருக்கும் இயக்குத் தடியை இடப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கை மேலே எழும். எழும் இறக்கையைக் காற்று கூடுதலாகப் பின்னிழுக்கும். அதனால் மூக்கு, நாம் விரும்பிய பக்கத்துக்கு நேர் எதிராக, முதலில் வலப்பக்கமே திரும்பும். நீண்ட இறக்கைகள் உள்ள ஊர்தியில் இந்தப் பிடிவாதம் இன்னும் அதிகம். இதைத் தடுக்க, கை சாயும் அதே நேரத்தில், வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் இடக்கால் மிதியை அழுத்த வேண்டும். முன்பும் கூடாது, பின்பும் கூடாது. பயத்தில் நானோ உலக்கையைப் பிடிப்பதுபோல் தடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். கால்கள் இரண்டும் மரத்துக் கிடந்தன. பின் இருக்கையில் இருந்த பயிற்றுநர் பொறுமைசாலி. எல்லாப் பாடமும் அவருக்கு ஒரே வாக்கியம்தான்: நூலைப் பாருங்கள்.

ஒரு மழை நாளில், பறக்க முடியாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு என் அம்மாவின் தையல் இயந்திரம் நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் இருந்ததே, காலால் மிதிக்கும் பழைய இயந்திரம், அதுதான். சிறுவனாக நான் அதில் உட்கார்ந்தபோதெல்லாம், கை துணியைத் தள்ளும், கால் நின்றுவிடும். அல்லது கால் ஓடும், கை மறந்துவிடும். தையல் பாம்புபோல் நெளியும். அம்மா கையையும் பார்த்ததில்லை, காலையும் பார்த்ததில்லை. ஊசியின் முன்னால் வரும் துணியை மட்டும் பார்த்தார். அடுத்த வாரம் நான் கையையும் காலையும் மறந்துவிட்டு நூலை மட்டும் பார்த்தேன். நூலின் வால் இடப்பக்கம் சாய்ந்தால் வலக்கால், வலப்பக்கம் சாய்ந்தால் இடக்கால். மூன்றாவது திருப்பத்தில் அது நடுவில் நின்றது. பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. அவரிடமிருந்து நான் பெற்ற பெரிய பாராட்டு அதுதான்.

நூல் நேராக இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு, அதை வேண்டுமென்றே சாய்த்து உயிர் காத்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி. கனடாவில் அளவுமுறை மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு எரிபொருள் நிரப்பியபோது கிலோகிராமுக்கும் பவுண்டுக்கும் குழப்பம் ஏற்பட்டு, வேண்டியதில் பாதிக்கும் குறைவாகவே நிரப்பிவிட்டார்கள். 41,000 அடி உயரத்தில், 69 பேருடன், இரண்டு இயந்திரங்களும் நின்றன. தலைமை விமானி ராபர்ட் பியர்சன், நல்லவேளையாக, ஓய்வு நாட்களில் கிளைடர் ஓட்டுபவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட வான்படைத் தளம் ஒன்றை நோக்கி அவர் இறங்கினார். அந்த ஓடுபாதையிலோ அன்றைக்குக் கார்ப் பந்தயக் கூட்டம். நெருங்கியபோது உயரம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. வேகத்தையும் உயரத்தையும் குறைக்கும் இறக்கை மடிப்புகளும் இயங்கவில்லை. சுற்றி வருவதற்கு இயந்திரமும் இல்லை. அப்போது அவர் தடியை ஒரு பக்கமும் கால் மிதியை மறுபக்கமும் தள்ளி, அந்தப் பெரிய விமானத்தைக் கோணலாக்கி, அதன் விலாப்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டினார். கோணலாகச் சென்றால் உயரம் கரையும் என்றேனே, அதேதான். வேகம் கூடாமலேயே விமானம் மிகுந்த சரிவில் இறங்கியது. கடைசி நேரத்தில் அதை நேராக்கித் தரையிறக்கினார். முன்சக்கரம் மடிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. கிளைடர் கற்பவர்கள் சாதாரணமாகப் பழகும் பாடம் அது. முதன்முறை செய்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். இரண்டு நிமிடங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கயிறு நடுவானில் அறுந்தால் என்ன செய்வது என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக, முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும், வேகம் திரும்பிய பின்னரே மற்ற யோசனை. என் 61ஆவது பறத்தலில் பயிற்றுநர் இறங்கிக்கொண்டு என்னைத் தனியே அனுப்பினார். அவருடைய எடை இல்லாததால் கிளைடர் சட்டென்று மேலே பாய்ந்தது. நூல் நேராகவே இருந்தது.

மேலெழும் வெப்பக் காற்றில் ஏறி மணிக்கணக்கில் வானில் தங்கும் வித்தையைப் பற்றிப் பேச இனி நேரமில்லை. வெயில் ஏறிய பின்னர் நம் கடற்கரைக்குப் போனால், நாம் கருடன் என்று வணங்கும் செம்பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். அது சுற்றும் இடத்தில்தான் அந்தக் காற்றுத் தூண் நிற்கிறது. அதே தூணில் இரண்டு கிளைடர்கள் சேர நேர்ந்தால், பின்னால் வருபவர் முன்னவர் சுற்றும் பக்கமாகவே சுற்ற வேண்டும் என்பது விதி. செம்பருந்து முன்னவராக இருந்தபோதும் நான் அந்த விதியை மீறியதில்லை. வணக்கம்.