மொட்டை மலையைப் பச்சையாக்க மரம் நட வேண்டுமா?

ஒரு மலைச்சரிவைக் காப்பாற்ற மரம் நட வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். எத்தியோப்பியாவின் வடக்கே உள்ள டிக்ரே மாநிலத்திலோ, 1990-களின் தொடக்கத்திலிருந்து, மண்ணரிப்புக்கு உள்ளான சரிவுகளில் ஆடுமாடு மேயவும் விறகு வெட்டவும் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்து, காவலும் போட்டுவிடுகிறார்கள்.

சரிவுகள் மொட்டையானதற்குக் காரணம் நெடுங்கால உழவு, மேய்ச்சல், விறகு. அதை இத்துடன் விட்டுவிடுவோம்.

வெற்று மண்ணில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைக்க, சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேற்பரப்பை இறுக்கிவிடுவதால், உள்ளே இறங்க வேண்டிய நீர் சரிவில் உருண்டோடி அடிவாரத்து வயல்களை ஓடை ஓடையாக அறுத்துச் செல்கிறது. மேய்ச்சல் நின்ற சில ஆண்டுகளில் புல் மூடிக்கொள்ள, துளியின் அடியை மண்ணுக்குப் பதில் இலை வாங்கிக்கொள்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே காட்டு ஆலிவ் மரங்கள் பெரும்பாலும் தேவாலயத் தோப்புகளில்தான் மிஞ்சியுள்ளன. அப்பழங்களைத் தின்ற பறவைகள் சரிவிலுள்ள புதர்களில் வந்தமர்ந்து விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகின்றன. கூலி கேட்காத நடவாட்கள்! புதரின் நிழலில் ஈரம் காயாத இடத்தில் முளைக்கும் கன்று, அடர்ந்த கிளைகளுக்குள் ஆட்டின் வாய்க்கும் எட்டாமல் வளர்கிறது. ஆகவே, ஒன்றுக்கும் உதவாது என்று நாம் வெட்டியெறியும் புதரை விட்டுவைப்பதே சிறந்த நடவு என்பேன். ஆனால் அருகில் தாய்மரமே இல்லையென்றால் பறவை எதைக் கொண்டுவரும்? அங்கே மனிதர்தான் நட வேண்டும்.

சும்மா விட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஊரார் ஆண்டுக்குச் சுமார் 20 நாள் கூலியின்றி உழைத்து, கல்வரப்பு கட்டுவது போன்ற மண்காப்பு வேலைகளைச் செய்கிறார்கள். இப்படி மேய்ச்சலுக்கு மூடிய நிலத்துப் புல்லை அறுத்துச் சுமந்துபோய் வீட்டு மாடுகளுக்குப் போடலாம், தேன்பெட்டியும் வைக்கலாம். இம்முயற்சிகளுக்காக 2017-இல் டிக்ரேவுக்கு, சிறந்த அரசுக் கொள்கைகளுக்குத் தரப்படும் எதிர்காலக் கொள்கை விருதில் (Future Policy Award) தங்கம் கிடைத்தது.

விருதுச் செய்திகள் அதிகம் பேசாத சிக்கல் ஒன்று உண்டு: துரத்தப்பட்ட மந்தை பக்கத்துச் சரிவுக்குப் போனால் அரிப்பும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மூடுவதற்கு முன்பே தீவனத்துக்கு வழி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஆடு வளர்ப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், மந்தையை எங்கே அனுப்புவீர்கள் என்று கீழே எழுதுங்கள். லைக் போடுவதை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.