இரண்டு மணிக்குச் சைக்கிள் இருந்ததா?

நேயர்களுக்கு வணக்கம். கண்ணால் பார்க்க வேண்டிய ஒரு சங்கதியைக் காதுக்கு மட்டும் சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கேமராப் பதிவில் ஒன்றைத் தேடுகிறவனுக்கும் பாதி நேரம் கண் உதவுவதில்லை. அதனால் இந்த வேடிக்கையான ஏற்பாடு பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கண்காணிப்பு கேமராக்களைப் பொருத்திப் பராமரிப்பது என் தொழில். ஒரு நாள் காலை ஏழரை மணிக்குப் போன் வந்தது. பேசியவர் ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளர். "சார், நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு நிறுத்தின சைக்கிள் காலைல ஏழு மணிக்குக் காணோம். கேமராதான் இருக்கே, யாருன்னு பாத்துச் சொல்லிடுங்க" என்றார். அந்த 'இருக்கே'யில் எத்தனை நம்பிக்கை! நான் அன்றைக்கு வெளியூரில் ஒரு விடுதி அறையில் இருந்தேன். லேப்டாப்பைத் திறந்து, பிரவுசரில் முகவரியைத் தட்டி, அந்தக் குடியிருப்பின் ரெக்கார்டருக்குள் போனேன்.

இன்று இது சாதாரணம். ஆனால் கொஞ்ச காலம் முன்புவரை இதற்கே ஒரு மல்லுக்கட்டு தேவைப்பட்டது. கேமராக்கள் படத்தை அனுப்பப் பேசும் மொழிக்கு ஆர்.டி.எஸ்.பி. என்று பெயர். 1998-இல் வரையறுக்கப்பட்டது. பிரவுசர்களுக்கு அந்த மொழி தெரியாது. அதனால் கேமரா நிறுவனங்கள் பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஆளுக்கொரு செருகுநிரலை, அதாவது பிளக்-இன்னை, கொடுத்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பழைய பிரவுசருக்கு ஆக்டிவ்எக்ஸ், மற்ற பிரவுசர்களுக்கு வேறொன்று. அவை பாதுகாப்பு ஓட்டைகளின் கூடாரம். 2015 செப்டம்பரில் குரோம் அந்த வகைச் செருகுநிரல்களை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டது. 2020 முடிவில் ஃபிளாஷ் என்ற இன்னொரு செருகுநிரலும் போனது. 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரருக்கும் விடை கொடுத்தார்கள். கேமரா பார்ப்பதற்காக மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரை, எந்த அப்டேட்டும் செய்யாமல், பொத்திப் பொத்தி வைத்திருந்த அலுவலகங்கள் எனக்குத் தெரியும். பாதுகாப்புக்கான கேமராவைப் பார்க்க, அங்கே இருப்பதிலேயே பாதுகாப்பில்லாத கம்ப்யூட்டர்!

இப்போதைய ரெக்கார்டர்கள் படத்தைப் பிரவுசருக்குப் புரியும் வடிவத்திலேயே தருகின்றன. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. எச்.265 என்ற புதிய சுருக்கும் முறையில் பதிந்த படம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் ஓடாது, சிலவற்றில் கறுப்புத் திரைதான் மிஞ்சும். அதனால் நான் முதன்மைப் படம் எச்.265-இல் இருந்தாலும், கூடவே ஓடும் சின்னப் படத்தை, அதாவது சப்-ஸ்ட்ரீமை, பழைய எச்.264-இலேயே விட்டுவிடுவேன்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். ஒன்பதிலிருந்து ஏழுவரை 10 மணி நேரப் பதிவு. கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிகிறது. மணிக்கு 1.8 ஜி.பி., பத்து மணி நேரத்துக்கு 18 ஜி.பி. அந்தக் குடியிருப்பின் இணைய இணைப்பில் மேலேற்றும் வேகம் 10 மெகாபிட். கவனிக்க வேண்டியது இதைத்தான். நாம் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது கீழிறக்கும் வேகம் முக்கியம். கேமராவைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது, கேமரா இருக்கும் இடத்தின் மேலேற்றும் வேகம்தான் பாட்டிலின் குறுகிய கழுத்து. அந்தக் கழுத்து வழியாக 18 ஜி.பி.யை இழுக்க 4 மணி நேரம் ஆகும். செயலாளரோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்.

ஆகவே வேகமாக ஓட்டிப் பார்ப்போம் என்று 16 மடங்கு வேகத்தில் வைத்தேன். பத்து மணி நேரமும் 37 நிமிடத்தில் ஓடி முடிந்தது. யாரும் வரவில்லை. மறுபடியும் ஓட்டினேன். யாருமே வரவில்லை. ஒரு பூனை வந்தது. என் கண்ணிலேயே கோளாறோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

கோளாறு கண்ணில் இல்லை. வீடியோ என்பது முழுப் படங்களின் வரிசை என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு முழுப் படம், அதன் பின்னால் 'போன படத்திலிருந்து இது இது மாறியது' என்ற குறிப்புகள், மறுபடி ஒரு முழுப் படம், இப்படித்தான் அது எழுதப்படுகிறது. முழுப் படத்தைத் தொழிலில் கீ ஃபிரேம் அல்லது ஐ-ஃபிரேம் என்போம். அந்தக் கேமராவில் 4 நொடிக்கு ஒரு முழுப் படம். 16 மடங்கு வேகத்துக்கு எல்லாப் படங்களையும் அனுப்ப வேண்டுமென்றால் நொடிக்கு 64 மெகாபிட் தேவை. இணைப்போ 10. அதனால் ரெக்கார்டர் நடுவில் உள்ள குறிப்புகளையெல்லாம் விட்டுவிட்டு முழுப் படங்களை மட்டும் அனுப்பியது. சைக்கிளை எடுத்த ஆள் திரையில் இருந்தது 11 நொடி என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கிடைத்தவை அதில் இரண்டு மூன்று நிழற்படங்கள், அதுவும் முக்கால் நொடிக்கும் குறைவாக. ஒரு கொட்டாவி விட்டால் போதும், கதை முடிந்தது. மூன்று நொடியில் குறுக்கே ஓடிப் போகிறவனாக இருந்தால் ஒரு படத்தில்கூட இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. 'முழுசும் ஓட்டிப் பாத்துட்டேன், யாரும் வரல' என்று யாராவது சத்தியம் செய்தால், எத்தனை மடங்கு வேகத்தில் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் போனில் வந்தான். நான் புலம்பியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, ரெண்டு மணிக்கு சைக்கிள் இருக்கா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நான் இவ்வளவு நேரமும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். சைக்கிளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குத் தாவினேன். சைக்கிள் இருந்தது. அப்படியானால் ஒன்பதிலிருந்து இரண்டுவரை உள்ள ஐந்து மணி நேரத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். மிச்சத்தின் நடு, நாலரை மணி. சைக்கிள் இல்லை. மூன்றேகால், இல்லை. இரண்டு முப்பத்தேழு, இருக்கிறது. ஒவ்வொரு பார்வைக்கும் மிச்சம் பாதியாகிறது. பத்து மணி நேரம் என்பது 36,000 நொடி. அதைப் பன்னிரண்டு முறை பாதியாக்கினால் 9 நொடிக்கும் கீழே வந்துவிடும். 37 நிமிடத்தை இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தும் கிடைக்காதது, 12 நிலைப்படங்களில் கிடைத்தது. 2 மணி 41 நிமிடம். மங்கலான ஓர் உருவம், தலை குனிந்தபடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறது.

இன்னொரு வசதியையும் கவனியுங்கள். சைக்கிள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெளிவான படம் எதற்கு? 640-க்கு 360 அளவுள்ள சின்னப் படமே போதும். மெலிந்த இணைப்பிலும் அது ஓரிரு நொடியில் வந்துவிடும். கடைசி ஒன்பது நொடிக்கு மட்டும் முதன்மைப் படத்தைக் கேட்டால் ஆயிற்று.

இந்தப் பாதியாக்கும் வித்தை எல்லா இடத்திலும் செல்லாது. ஒரு பொருள் காணாமல் போனது, ஒரு கண்ணாடி உடைந்தது, ஒரு கதவு திறந்தே கிடந்தது என்று தடயம் நிலைத்து நின்றால்தான் செல்லும். வந்து, நின்று, திரும்பிப் போனவனைப் பிடிக்க இது உதவாது. அதற்கு அசைவுத் தேடல் வேண்டும். பிரவுசரில் படத்தின் மீது மௌஸால் ஒரு கட்டம் வரைந்து, 'இந்த இடத்தில் எப்போதெல்லாம் அசைவு இருந்தது' என்று கேட்கலாம். கதவை மட்டும் சுற்றிக் கட்டம் போடுங்கள். மரத்தையும் சேர்த்துப் போட்டால் இரவு முழுக்கக் காற்றின் வரலாறுதான் கிடைக்கும். மரத்தைவிடப் பெரிய வில்லன் சிலந்தி. கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும். ஓர் இழை ஆடினால் போதும், ரெக்கார்டருக்கு அது பூகம்பம். நூற்றுக்கணக்கான அசைவுகள் பதிவாகியிருந்த ஒரு கேமராவை நான் பழுது பார்த்தது துடைப்பத்தால்.

'சிவப்புச் சட்டை போட்ட ஆள்' என்று எழுதித் தேடும் வசதியும் வந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் இரண்டு விஷயம். இரவில் அகச்சிவப்பில் எடுக்கும் படம் கறுப்பு வெள்ளை, அங்கே சிவப்பு என்றொரு நிறமே இல்லை. அடுத்தது, பதியும்போதே ஆள், வண்டி, நிறம் என்று குறித்து வைத்திருந்தால்தான் பிறகு தேட முடியும். குறிக்காத பதிவில் தேட, வீடியோ முழுவதையும் மறுபடி அலச வேண்டும். அலசல் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே நடந்து விடை மட்டும் பிரவுசருக்கு வர வேண்டும். வீடியோவை இழுத்து வந்து இங்கே அலசலாம் என்றால், மறுபடி அந்த 4 மணி நேரக் கழுத்துதான்.

2.41-க்கு ஆள் கிடைத்துவிட்டான் என்றேன். முகம் தெரியவில்லை. வெளிவாசல் கேமராவில் முகம் நிச்சயம் தெரியும், ஏனென்றால் அதை முகத்துக்காகவே தாழ்வாகப் பொருத்தியிருந்தோம். அது வேறொரு பழைய ரெக்கார்டரில் பதிகிறது. அதைத் திறந்து 2.41-க்குப் போனேன். வெறும் வாசல். 2.45 வரை பார்த்தேன். வெறும் வாசல்.

காரணம் கடிகாரம். இரண்டு ரெக்கார்டரையும் லைவில் வைத்து, பக்கத்தில் போனையும் வைத்துப் பார்த்தேன். புதியது சரியாக இருந்தது. பழையது 17 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டருக்குள் இருக்கும் படிகக் கடிகாரம் ஒரு நாளைக்கு 2 நொடி பிசகினால் வருடத்துக்கு 12 நிமிடம் ஆகும். 17 நிமிடம் என்றால், ஏறத்தாழ ஒன்றரை வருடமாக யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். கண்டுகொள்ள வேண்டியவன் நான்தான். செயலாளரிடம் அதைச் சொல்லவில்லை, இப்போது வானொலியில் சொல்கிறேன். பழைய ரெக்கார்டரில் 2.24-க்குப் போனதும் ஆள் வந்தான். நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தபடி.

நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்துகொள்ளும் என்.டி.பி. என்ற ஏற்பாடு பெரும்பாலான ரெக்கார்டர்களில் உண்டு. மெனுவில் ஒரு டிக் அடித்தால் போதும். ஆனால் சம்பவம் நடந்த பிறகு அவசரப்பட்டு அதை அடிக்காதீர்கள். முதலில் எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி வையுங்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள். திருத்திவிட்டால் பழைய பதிவு எவ்வளவு பிசகியிருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. வேறு நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சில மென்பொருள்கள் ரெக்கார்டரின் நேரத்தைக் காட்டும், சில உங்கள் கம்ப்யூட்டரின் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். எது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

விடுதி அறையிலிருந்து நான் நுழைந்த வழியில் இன்னொருவன் நுழைய மாட்டானா? நுழைவான். ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு வாசலை, திறந்து ரெக்கார்டரை நேராக இணையத்தில் நிறுத்துவது எளிது, நானும் ஒரு காலத்தில் செய்தேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே வைத்த சுமார் 60 பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகெங்கும் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத் தன் படையாக்கியது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படை, இணையதளங்களின் பெயரை வைத்து அவற்றின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. கிளவுட் என்றால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 மார்ச்சில், கிளவுட் வழியாகக் கேமரா சேவை தரும் வெர்காடா நிறுவனத்தின் உச்ச நிர்வாகிக் கணக்கு ஒன்றின் விவரம் வெளியே கசிந்தது. அதை வைத்து ஏறத்தாழ 1,50,000 கேமராக்களைப் பார்க்க முடிந்ததாக ஊடுருவியவர்கள் சொன்னார்கள். நான் இப்போது வி.பி.என். என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகத்தான் போகிறேன். கூடவே இரண்டாவது சரிபார்ப்பும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் தொல்லைதான்.

உள்ளே இருக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைவ் பார்க்கும் உரிமையையும் பழைய பதிவில் தேடும் உரிமையையும் நான் ஒரே கணக்குக்குத் தருவதில்லை. லைவ் பார்ப்பது சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போல. தேடுவது அடுத்தவர் டைரியைப் புரட்டுவது. 'மூணாம் மாடிக்கு யார் யார் வந்து போறாங்கன்னு ஒரு மாசத்துக்கு எடுத்துக் குடுங்க' என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. முடியாது என்றேன். யார், எப்போது, எதைத் தேடினார் என்று ரெக்கார்டரே குறித்து வைக்கும் வசதி உண்டு. அதை அணைத்து வைக்காதீர்கள்.

கடைசியில் சைக்கிள் விவகாரத்தில் செய்த முதல் வேலை, அந்த இரண்டு துண்டுகளையும் முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் சேர்த்து வெளியே எடுத்து வைத்ததுதான். டிஸ்க் நிரம்பினால் ரெக்கார்டர் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், அதற்குச் சைக்கிளும் தெரியாது, திருடனும் தெரியாது. பிரவுசர் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பவில்லை, மூலக் கோப்பாகவே எடுத்தேன். ஒரு தாளில் '17 நிமிடம் பின்தங்கியது' என்று எழுதி, கோப்போடு செயலாளருக்கு அனுப்பினேன். அவர் இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "சார், இது நம்ம பி பிளாக் பையன். அவன் சைக்கிளும் இதே நிறம். பக்கத்துலதான் நிறுத்துவான்."

பையனின் சைக்கிள் அங்கேயே, அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தது. இருட்டில் மாற்றி எடுத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போயிருக்கிறான்.

நன்றி. வணக்கம்.